ஒரு டிரம் மிட்டாயும் சிக்கலான பொருள்களின் அறிவியலும்

பால் சேக்கின் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். எம் அண்ட் எம்ஸ் மிட்டாய் என்றால் அவருக்கு உயிர். நம் கடைகளில் கிடைக்கும் ஜெம்ஸ் மாதிரிதான் அதுவும்: உள்ளே சாக்லேட், வெளியே வண்ணச் சர்க்கரை ஓடு, மேலும் கீழும் அமுக்கிய உருண்டை போல ஒரு வடிவம். அவரைச் சீண்டிப் பார்க்க நினைத்த மாணவர்கள், 55 காலன் டிரம் ஒன்றில், அதாவது ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளளவுள்ள டிரம்மில், இந்த மிட்டாயைப் போட்டு அவர் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மிட்டாய் தின்பதற்கு மட்டும் பயன்படவில்லை. சேக்கினும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒரு பாத்திரத்தில் இந்த மிட்டாயைக் கொட்டி நன்றாகக் குலுக்கிவிட்டால், உள்ளே மிட்டாய் எவ்வளவு, நடுவில் மாட்டிக்கொண்ட காற்று எவ்வளவு? பதில் 2004-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

படியில் அரிசி அளந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. படியைக் குலுக்கினால் இன்னும் ஒரு கைப்பிடி பிடிக்கும். அதனால்தான் விற்கிறவர் குலுக்க மாட்டார், வாங்குகிறவர் குலுக்கச் சொல்வார். ஆனால் குலுக்கிக்கொண்டே இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒரு மணிகூட இறங்காது. அந்தக் கட்டம் எது என்பதுதான் விஷயம்.

முதலில் உருண்டைகளை எடுத்துக்கொள்வோம். பழக்கடையில் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்கியிருப்பார்களே, அதில் பழங்கள் மொத்த இடத்தில் 74 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று 1611-இல் கெப்ளர் சொன்னார். சொன்னாரே தவிர நிரூபிக்கவில்லை. நிரூபணம் 1998-இல்தான் வந்தது. தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதவியலாளர் கணினியின் துணையோடு எழுதிய அந்த நிரூபணத்தைச் சரிபார்க்க உட்கார்ந்த குழு, '99 சதவீதம் சரியென்று நம்புகிறோம்' என்று சொல்லிக் கையைத் தூக்கிவிட்டது. பழக்காரர் காலங்காலமாகச் செய்வதை நிரூபிக்கக் கணிதத்துக்கு ஏறக்குறைய 400 வருடம் பிடித்திருக்கிறது.

இது அடுக்கினால். அடுக்காமல் கொட்டினால்? கோலிக்குண்டுகளை ஒரு பாத்திரத்தில் கொட்டி, குலுக்கி, தட்டி என்ன செய்தாலும் 64 சதவீதத்தோடு நின்றுவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். 1 லிட்டர் பாத்திரம் நிறைய கோலியைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, எவ்வளவு ஊற்றினோம் என்று அளந்தால் போதும். 400 மில்லியை ஒட்டி ஏதோ ஒரு எண் வரும். அதுதான் காற்று இருந்த இடம். சின்னப் பாத்திரத்தில் சுவரோரம் இடம் வீணாவதால் 64 கிடைக்காது, கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும்.

சரி, மிட்டாய்க்கு வருவோம். அதையும் கொட்டிக் குலுக்கினார்கள். 68 முதல் 71 சதவீதம் வரை நிரம்பியது. ஒழுங்கே இல்லாமல் கொட்டிய குவியல் இது. உள்ளே எங்காவது மிட்டாய்கள் தாமாகவே வரிசை கட்டிக்கொண்டனவா என்ற சந்தேகம் வரத்தானே செய்யும். அதனால் மருத்துவமனையில் மூளையைப் படம் எடுக்கிற எம்ஆர்ஐ முறையில் குவியலின் உள்ளேயும் பார்த்தார்கள். வரிசை எதுவும் இல்லை. உருண்டையைக் கொஞ்சம் அமுக்கியதால் மட்டுமே இவ்வளவு வித்தியாசம். மூன்று பக்கமும் மூன்று அளவுள்ள நீள்வட்ட உருண்டைகளாக இருந்தால், கொட்டிய குவியலே சாத்துக்குடிக் கோபுரத்தின் 74-ஐ நெருங்கிவிடும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஏன் அப்படி? ஒரு கோலியை அதன் இடத்திலேயே எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். அது நகர மூன்று வழிகள்தான் உண்டு: மேல்-கீழ், இடம்-வலம், முன்-பின். அசையாமல் நிற்க இந்த மூன்றையும் பக்கத்துக் கோலிகள் அடைக்க வேண்டும். ஒவ்வொரு தொடுகையும் இரண்டு கோலிக்குப் பொது என்பதால் சராசரியாக ஒரு கோலியை 6 கோலிகள் தொட வேண்டியிருக்கிறது. மிட்டாய்க்கோ கூடுதலாக இரண்டு வழி இருக்கிறது, இரண்டு திசைகளில் சாய்ந்துகொள்ளலாம். ஐந்து வழிகளையும் அடைக்க 10 தொடுகை வேண்டும். அளந்தபோதும் ஏறக்குறைய 10 வந்தது. பத்துப் பேர் தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் ஆறு பேர் நிற்பதைவிட நெருக்கடி அதிகம், அவ்வளவுதான் சூட்சுமம்.

அதற்காக இழுத்துக்கொண்டே போனால் அடர்த்தி கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். ரொம்ப நீளமானால் அது சுள்ளிக் கட்டைப் பிரித்துக் கொட்டியது போல ஆகிவிடும். உள்ளே முழுக்க ஓட்டை.

தொடுகையை எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். 1960-இல் ஜே. டி. பெர்னால் என்ற விஞ்ஞானி இரும்புக் குண்டுகளின் குவியலில் கறுப்புப் பெயின்ட்டை ஊற்றி வடித்துக் காயவிட்டார். பிறகு ஒவ்வொரு குண்டாக எடுத்து, மற்ற குண்டுகள் தொட்ட இடத்தில் பதிந்த தடத்தை எண்ணினார். ஆயிரம் கோடி செலவு செய்யும் அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும், பெயின்ட் டப்பாவும் பொறுமையும் கேட்கிற அறிவியலும் இருக்கிறது.

பெயரே ஒரு சிக்கல்

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயரைத் தமிழில் சொன்னால் 'சிக்கலான பொருள்களின் அறிவியல்'. தமிழில் இந்தப் பக்கம் பெயர் வைப்பதே பெரும்பாடு. பொருளியல் என்றால் பொருளாதாரம் ஆகிவிடுகிறது. மென்பொருள் என்ற பொருத்தமான சொல்லைக் கணினிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் பொருளறிவியல், மென்பருப்பொருள் (பற்பசை, தயிர் மாதிரி எளிதில் வளைந்துகொடுக்கும் பொருள்) என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்கல் என்பது இங்கே 'கஷ்டமானது' என்ற அர்த்தத்தில் அல்ல. மணல், நுரை, பற்பசை, பெயின்ட், தயிர், ரத்தம், ரப்பர் எல்லாம் இந்த வகைதான். பற்பசை பிரஷ்ஷின் மேல் திடப்பொருள் போல உட்கார்ந்திருக்கும், டியூபை அமுக்கினால் திரவம் போல வரும். அதில் உள்ள ஒவ்வொரு துகளைப் பற்றியும் எல்லாம் தெரிந்தாலும், கூட்டமாகச் சேர்ந்தால் அது என்ன செய்யும் என்பது தெரிந்துவிடாது. ஒரு மணலைப் பற்றித் தெரிந்தவருக்கு மணல்மேடு எப்போது சரியும் என்று தெரியாது.

1991-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி பியர்-ஜில் தெ ஜென் இதற்குச் சொன்ன உதாரணம் ரப்பர். அமேசான் பகுதிப் பழங்குடியினர் ரப்பர் மரத்தின் பாலைக் காலில் பூசிக்கொள்வார்கள். காய்ந்ததும் அது பூட்ஸ் ஆகிவிடும். பாலுக்குள் இருப்பவை நீள நீளமான சங்கிலி மூலக்கூறுகள், இடியாப்பச் சிக்கல் போல. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இழைகளை அங்கங்கே முடிச்சுப் போடுவதால் வழிந்தோடியது கெட்டியாகிறது. ஆனால் முடிச்சுப் போட்ட அதே ஆக்சிஜன் கொஞ்ச நேரத்தில் இழைகளை அறுக்கவும் தொடங்கும், பூட்ஸ் பிய்ந்துபோகும். 1839-இல் சார்லஸ் குட்இயர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தைச் சேர்த்துக் காய்ச்சினார். கந்தகம் முடிச்சுப் போடும், அறுக்காது. இன்றைய டயர் வரை வந்தது அந்த வழியில்தான். இதில் கவனிக்க வேண்டியது அளவு: ஏறக்குறைய 200 கார்பன் அணுக்களுக்கு ஒன்றைத்தான் கந்தகம் தொடுகிறது. மீதி 199 அப்படியே இருக்கின்றன. வேதியியல் கண்ணோடு பார்த்தால் பொருள் பெரிதாக மாறவே இல்லை. கையில் எடுத்தால் முன்பு திரவம், இப்போது திடம்.

இது வேதியியலா, இயற்பியலா? மிட்டாய்க் கட்டுரையை எழுதியவர்களைப் பாருங்கள். சேக்கின் இயற்பியல்காரர். சால்வதோர் தோர்க்குவாத்தோவும் ஃபிராங்க் ஸ்டிலிங்கரும் வேதியியல் பக்கம். ராபர்ட் கானலி கார்னெல் பல்கலைக்கழகத்துக் கணிதவியலாளர். பல துறை சேர்ந்த ஆய்வு என்பதைப் பல்கலைக்கழக விளம்பரங்களில் இப்போது மஞ்சள்தூள் மாதிரி எல்லாவற்றிலும் தூவுகிறார்கள். பெரும்பாலும் நான்கு பேர் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையை அவரவர் பார்ப்பதோடு சரி. இங்கே அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம், கேள்வி எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் நடுத்தெருவில் கிடக்கிறது.

ஒரே கூரை

அமெரிக்காவில் இந்தக் கூட்டு உழைப்புக்கு விதை போட்டது, வேடிக்கையாக, சோவியத் ரஷ்யா. 1957 அக்டோபரில் அதன் ஸ்புட்னிக், உலகின் முதல் செயற்கைக்கோள், பறந்ததும் வாஷிங்டனில் பதற்றம். ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும் புதுப் பொருள்கள் வேண்டும். ஆனால் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் ஒரு கட்டடம், வேதியியல் ஒரு கட்டடம், இயற்பியல் இன்னொரு கட்டடம். 1958-இல் தொடங்கிய ஆர்ப்பா என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு, 1960-இல் கார்னெல், பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் துறைகளுக்குப் பொதுவான ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் கொடுத்தது. அடுத்தடுத்து மற்ற இடங்களுக்கும் பரவின. எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற விலை கூடிய கருவிகளைப் பொதுவில் வைத்தார்கள். கருவிக்கு முன்னால் முறைக்காகக் காத்திருக்கும்போது, வேறு துறைக்காரர்கள் பேசிக்கொண்டுதானே ஆக வேண்டும்.

1972-இல் இந்தக் கூடங்கள் ராணுவத்திடமிருந்து தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு மாறின. 1994 முதல் புதிய அமைப்பில், பொருள் ஆய்வு மையங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. பிரின்ஸ்டனில் இருப்பதன் பெயரே 'சிக்கலான பொருள்களுக்கான மையம்'. இந்த மையங்களுக்குப் பணம் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. ஆய்வு மட்டும் செய்தால் போதாது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஊர் மக்களுக்கும் அதைக் கொண்டுபோகவும் வேண்டும்.

அதற்கு முன் ஒரு காபிக் கறை. காபி சிந்திக் காய்ந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் கருப்பாக ஒரு வளையம். ஏன் ஓரத்தில் மட்டும்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் சிட்னி நேகலுக்கு இந்தக் கேள்வி எழுந்தது, கூட இருந்தவர்களைக் கேட்டார், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், எதுவும் பொருந்தவில்லை. இயற்பியல்காரர்களும் ஒரு கணிதவியலாளரும் சேர்ந்து 1997-இல் பதில் கண்டுபிடித்தார்கள். துளியின் ஓரம் பரப்பின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஓரத்தில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. ஓரமும் நகரக் கூடாது, போன தண்ணீரும் ஈடாக வேண்டும் என்றால் நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடித்தான் ஆக வேண்டும். ஓடும்போது காபித் துகள்களையும் அள்ளிக்கொண்டு போகிறது.

இது வெறும் கறையோடு நிற்காது. இங்க்ஜெட் அச்சு, பெயின்ட் பூச்சு என்று எங்கெல்லாம் துளி காய்கிறதோ அங்கெல்லாம் இந்த வளையம் தொல்லை கொடுக்கும். 2011-இல் பென்சில்வேனியாவில் அர்ஜுன் யோத்தின் குழு இதற்கு ஒரு வழி காட்டியது. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? உருண்டையான பிளாஸ்டிக் நுண்துகள்களை இழுத்து நீள்வட்டமாக்கினார்கள். நீள்வட்டத் துகள்களும் ஓரத்தை நோக்கித்தான் கிளம்புகின்றன. ஆனால் துளியின் மேற்பரப்பை அடைந்ததும் அதை நெளித்து, ஒன்றையொன்று இழுத்து, வலை போலக் கோத்துக்கொண்டு வழியிலேயே நின்றுவிடுகின்றன. காய்ந்த பிறகு வளையம் இல்லை, சீரான பூச்சு. மிட்டாய்க் குவியலிலும் இதே கதைதான்: உருண்டையைக் கொஞ்சம் நீட்டினால் கூட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. 1960-இல் ராக்கெட்டுக்காகத் தொடங்கிய முதல் மூன்று ஆய்வுக்கூடங்களில் ஒன்று இந்தப் பென்சில்வேனியாவில் இருந்தது.

வாசலுக்கு வெளியே

மக்களுக்கு அறிவியல் என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி எனக்கு ஒட்டுவதில்லை. திரவ நைட்ரஜனில் ரோஜாவை முக்கி உடைப்பார்கள், புகை வரும், பிள்ளைகள் கை தட்டுவார்கள், பஸ் ஏறிப் போய்விடுவார்கள். வீட்டில் நைட்ரஜனும் இல்லை, அதன் பிறகு கேட்க ஒரு கேள்வியும் இல்லை. சிக்கலான பொருள்களின் அறிவியலுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஆய்வுக்கூடத்தில் இருக்கிற அதே பொருள் அடுப்படியிலும் இருக்கிறது. குழந்தைக்குக் காட்ட என்று தனியாகச் சுருக்கி எளிதாக்கிய ஒரு பொம்மை தேவையில்லை.

ஹார்வர்டில் டேவிட் வைட்ஸ், மைக்கேல் பிரென்னர் என்ற இருவர் 2010-இல் சமையலை வைத்தே மென்பருப்பொருள் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். ஸ்பெயினின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஃபெரான் அட்ரியா அதில் வந்து பேசினார். அறிவியல் படிக்காத மாணவர்களுக்கான வகுப்பு அது. கூடவே பொதுமக்கள் கேட்கும் சொற்பொழிவுகளும் நடந்தன. விஸ்கான்சின் மையம் லெகோ கட்டைகளை வைத்து அணு அடுக்கைக் கற்றுக்கொடுக்கிறது. பிரின்ஸ்டன் மையம் பக்கத்து ஊரான ட்ரென்டனின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடையில் அழைத்து வைத்து வேலை செய்ய விடுகிறது. பள்ளி ஆசிரியர்களையும் கோடையில் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு மாணவர் வந்தால் ஒருவர், ஓர் ஆசிரியர் வந்துபோனால் வருடா வருடம் ஒரு வகுப்பே பின்னால் இருக்கிறது.

தெ ஜென்னும் நோபல் வாங்கிய கையோடு பிரான்சில் ஏறக்குறைய 200 பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார். நோபல் வாங்கியவரை எந்த மாநாட்டுக்கும் கூப்பிடுவார்கள். அவர் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்.

இன்னொரு வகை, வேறு கல்லூரிகளின் இளங்கலை மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்வது. மிட்டாய்க் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒரு பெயரை மேலே சொல்லாமல் வைத்திருந்தேன்: இப்ராஹிம் சிஸ்ஸே. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் பிறந்தவர், 17 வயதில் அமெரிக்கா வந்தவர், வட கரோலைனாவில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். கோடை ஆய்வுக்காகப் பிரின்ஸ்டன் வந்து சேக்கினிடம் சேர்ந்தார். அவர் கைக்கு வந்த வேலை மிட்டாய். 'சயின்ஸ்' கட்டுரை வெளிவந்த 2004-இல்தான் அவர் இளங்கலையே முடித்தார்.

பிறகு அவர் உயிரணுவுக்குள் போய்விட்டார். டிஎன்ஏவைப் படியெடுக்கும் மூலக்கூறுகள் உயிருள்ள செல்லுக்குள் எப்படிக் கூடுகின்றன, எப்படிக் கலைகின்றன என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. அவை திரவத் துளி போலத் திரள்கின்றன என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். 2021-இல், அமெரிக்காவில் அபாரத் திறமைசாலிகளுக்குத் தரும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. இப்போது ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இயக்குநர்களில் ஒருவர். மிட்டாயிலிருந்து மரபணு ரொம்ப தூரம் என்று தோன்றலாம். தனித்தனியாக ஒன்றும் செய்யாதவை கூட்டமானால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

இனி உங்கள் அடுப்படி. காற்றை உறிஞ்சி அடைத்த காபித்தூள் பொட்டலத்தைத் தொட்டால் செங்கல் போல இருக்கும். ஓரத்தைக் கத்தரித்த மறு நொடி தளர்ந்து பொடியாகிவிடும். தூள் அதேதான், காற்று மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது. சிகாகோவின் ஹைன்ரிக் ஜேகர் குழு, கார்னெல் ஆய்வாளர்களோடும் ஐரோபாட் நிறுவனத்தோடும் சேர்ந்து 2010-இல் இதையே ஒரு ரோபோ கையாக்கியது. விரலே இல்லாத கை: ரப்பர் பலூனுக்குள் காபித்தூள். பொருளின் மேல் வைத்து அமுக்கினால் தூள் அதன் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். காற்றை உறிஞ்சினால் அப்படியே இறுகிப் பிடித்துக்கொள்ளும். கன அளவு 0.5 சதவீதம்கூடச் சுருங்கத் தேவையில்லை, அதற்குள் பிடி விழுந்துவிடுகிறது. முட்டையையும் தூக்கும்.

ஒரு பலூன், முக்கால் பாகம் காபித்தூள், ஒரு பிளாஸ்டிக் குழாய், இறுக்கிக் கட்ட நூல். பலூனை ஒரு பேனா மூடியின் மேல் வைத்து அமுக்கி, குழாயின் மறுமுனையில் வாய் வைத்துக் காற்றை இழுத்துப் பாருங்கள். பலூனுக்குள் இருக்கும் குழாய் முனையில் மட்டும் முதலிலேயே ஒரு துண்டு மெல்லிய துணியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தூள் முழுக்கத் தொண்டைக்குள்தான் போகும்.